மேற்கே கறுக்கிறது, கூரை யாருடையது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பேராக் கடலோரத்தில் பெருங்காற்றுக்கென்று ஒரு நேரம் இருக்கிறது. நள்ளிரவு தாண்டி, பொழுது விடிவதற்குள் அது வந்துவிடும். ஏறக்குறைய ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை, மாதத்தில் சில இரவுகளில், பாகான் டத்தோவிலும் ஊத்தான் மெலிந்தாங்கிலும் சித்தியவானிலும் பந்தாய் ரெமிசிலும் மேற்கு வானம் மை கொட்டியதுபோல் கறுக்கும். முதலில் உடம்பு சிலிர்க்கும்படி ஒரு குளிர்காற்று. அதன் பின்னாலேயே தகரம் படபடக்கும் சத்தம். பிறகு மின்னல், இடி, மழை. ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். விடிந்து கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டுக் கூரைத் தகரம் வாசலில் கிடக்கும்.

வானிலை ஆய்வாளர்கள் இதைச் 'சுமத்ரா சூறைக்காற்று' என்கிறார்கள். தோட்டத்துப் பெரியவர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. 'மேக்கால கறுக்குது' என்று ஒருவர் சொன்னால் போதும், லயமே விழித்துக்கொள்ளும்.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? மலாக்கா நீரிணையின் அந்தப் பக்கம் சுமத்ரா. அங்கே நீளவாக்கில் பாரிசான் மலைத்தொடர். இந்தப் பக்கம் தீபகற்பம். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. இரு கரைகளிலிருந்தும் குளிர்ந்த காற்று கடலை நோக்கி இறங்குகிறது. நடுக்கடலில் இரண்டும் முட்டிக்கொள்ளும்போது, கடலின்மேல் இருந்த வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலே தள்ளப்படுகிறது. அங்கே இடிமேகங்கள் எழுந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரு வரிசையாகிவிடுகின்றன. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அந்த வரிசை அப்படியே கிழக்கே நகர்ந்து கரையேறுகிறது.

காற்றின் வேகம் பெரும்பாலும் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை இருக்கும். அதற்கு மேலும் போனதுண்டு. 1984 ஏப்ரல் 25ஆம் தேதி சிங்கப்பூரின் தெங்காவில் இதே வகைக் காற்று 144.4 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. நாற்பது எங்கே, எண்பது எங்கே என்று சிலர் நினைக்கலாம். வேகம் இரண்டு மடங்கானால் காற்று தள்ளும் பலம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. நாற்பதில் படபடத்த தகரம் எண்பதில் பறப்பதற்குக் காரணம் இதுதான்.

ஈப்போவுக்கு வேறு நேரம். ஒரு பக்கம் கிளேடாங் மலை, மறுபக்கம் தித்திவங்சா மலைத்தொடர். நடுவில் கிந்தா பள்ளத்தாக்கு. பருவமழை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் காலை வெயில் கொளுத்தும். மத்தியானத்துக்கு மேல் மலையோரத்தில் மேகம் குவியும். பள்ளிக்கூடம் விட்டு, வேலை முடிந்து எல்லாரும் சாலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து இடிமழை இறங்கும். ஆகவே கடலோரத்தில் இருப்பவர் தூக்கத்தில் அடிபடுகிறார், ஈப்போவில் இருப்பவர் மோட்டார் சைக்கிளில் அடிபடுகிறார்.

ஆலங்கட்டி செய்யும் வேலை

ஆலங்கட்டி மழை இந்நாட்டில் அபூர்வம். விழுந்தால் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பொறுக்குவார்கள், பெரியவர்கள் கைத்தொலைபேசியில் படம் எடுப்பார்கள், மறுநாள் பத்திரிகையில் உள்ளங்கையில் வைத்த பனிக்கட்டி படம் வரும். உண்மையில் ஆலங்கட்டி இங்கே உருவாகாமல் இல்லை. இடிமேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் உயரும். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்திலேயே உறைகுளிர் தொடங்கிவிடுகிறது. அதற்கு மேலே பனிக்கட்டி தாராளமாக உருவாகிறது. கீழே வரும் வழியில் வெப்பக்காற்றில் உருகி மழைத்துளியாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் பலர் அறியாத ஒரு சங்கதி இருக்கிறது. உருகும் பனிக்கட்டி தன்னைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. கனமான காற்று கீழே சரிகிறது, மழையும் அதை இழுத்துக்கொண்டு வருகிறது. தரையைத் தொட்டதும் அது நாலாபக்கமும் பாய்கிறது. மழைக்கு முன்னால் வரும் அந்தக் குளிர்காற்று இப்படி வருவதுதான். ஒரு கட்டிகூடத் தரையில் விழாத இடத்தில் கூரை பறக்கிறதென்றால், வானத்திலேயே உருகிப்போன ஆலங்கட்டிக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

ஆலங்கட்டியே ஆளைக் கொன்ற வரலாறும் உண்டு. 1888 ஏப்ரல் 30ஆம் தேதி வட இந்தியாவின் மொராதாபாத் அருகே ஆலங்கட்டி மழையில் 246 பேர் இறந்ததை உலக வானிலை அமைப்பு பதிவு செய்து வைத்திருக்கிறது. 1986இல் வங்காளதேசத்தின் கோபால்கஞ்சில் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கட்டி விழுந்தது. இங்கே அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. இங்கே ஆளைக் கொல்வது மின்னலும், முறிந்து விழும் மரமும், பறந்து வரும் தகரமும்தான்.

'இங்கே புயல் வராது'

இந்நாட்டுத் தமிழர்களில் பலருடைய பாட்டன், பூட்டன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள். நாகப்பட்டினம் புயலுக்குப் பழகிய கரை. 1952இலும் 1977இலும் அங்கே பெரும்புயல் அடித்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. அந்த மண்ணிலிருந்து வந்தவர்களுக்கு மலாயா ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மழை உண்டு, வெள்ளம் உண்டு, புயல் இல்லை.

பாடப்புத்தகமும் அதையே சொன்னது. பூமத்திய ரேகைக்கு மிக அருகில் பூமியின் சுழற்சி காற்றைச் சுழற்றும் பலம் குறைவு. ஆகவே அங்கே புயல் உருவாவதில்லை என்று படித்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். அந்தப் பாடத்துக்கு விதிவிலக்கு இருப்பதை 1996 டிசம்பர் 26ஆம் தேதி சபா பார்த்தது. கிரெக் என்ற வெப்பமண்டலப் புயல் கெனிங்காவில் இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. ஐந்து ஆண்டு கழித்து, 2001 டிசம்பர் 27ஆம் தேதி, வாமெய் என்ற புயல் பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றரைப் பாகை தூரத்தில் உருவாகி ஜொகூரைத் தொட்டது. உலக ஆய்வாளர்களே வியந்து எழுதினார்கள்.

2019 ஆகஸ்டு 9ஆம் தேதி நடந்தது இன்னொரு மாதிரி. லெக்கிமா சூறாவளி இருந்ததோ சீனாவின் கிழக்குக் கரைக்கு அருகே. அதன் வால் இழுப்பில் தீபகற்பத்தின் வட மாநிலங்களில் பலத்த காற்று வீசிக் கூரைகளைப் பிய்த்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஒரு சூறாவளிக்கு இங்கே கூரை போனது. 2025 நவம்பர் கடைசியில் சென்யார் புயல் மலாக்கா நீரிணையிலேயே உருவானது. சுமத்ராவில் வெள்ளமும் மண்சரிவுமாக நூற்றுக்கணக்கான உயிர்களைப் பலிகொண்டு, அடுத்த ஓரிரு நாளில் தீபகற்பத்தின் மேற்குக் கரைக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. புயல் பெயர் வைத்துக்கொண்டு வருகிறது. இரண்டு மூன்று நாளுக்கு முன்பே செய்தியில் அடிபடுகிறது. பெயர் இல்லாமல், ஒன்றரை மணி நேரம் வந்துபோகும் சூறைக்காற்றுதான் பேராக்கில் ஆண்டுதோறும் கூரையைப் பிரிக்கிறது. அது செய்தியில் வந்தாலும் உள்பக்கத்தில் நாலு வரி. ஆகவே யாரும் அதற்கென்று ஆயத்தமாவதில்லை.

பெரட்டு நேரமும் காற்று நேரமும்

இனி தோட்டத்துக்கு வருவோம். ரப்பர் மரம் முதலில் பேராக்கில் வேர்பிடித்த இடங்களில் ஒன்று கோலகங்சார். 1877இல் ஹியூ லோ அங்கே கன்றுகளை நட்டார். பிறகு சுங்கை சிப்புட், பத்து காஜா, கோப்பேங், தெலுக் இந்தான், பாகான் செராய் என்று எங்கு பார்த்தாலும் பால்மரக் காடு. பாலை விடியற்காலையில்தான் வெட்ட வேண்டும். வெயில் ஏற ஏற மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே பெரட்டு. சுமத்ரா காற்று கரையேறும் நேரமும், பெரட்டுக்கு ஆள் கூடும் நேரமும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்துபோனது.

மழை பெய்தால் மரம் நனையும். நனைந்த பட்டையில் கத்தி வைத்தால் பால் காடியில் நிற்காமல் பட்டை முழுக்க வழியும், பட்டைக்கும் நோய் வரும். மங்கில் பாலுக்குப் பதில் மழைத்தண்ணீர் நிற்கும். வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் சங்கம் 1990இல் வேலைநிறுத்தம் செய்ததற்குப் பின்னால் இந்த மழை நாள்களும் இருந்தன. பால்வெட்டுக்காரர்கள் மேற்கு வானத்தை அவ்வளவு கூர்ந்து பார்த்தது ஞானத்தால் மட்டுமல்ல, வயிற்றுப்பாட்டாலும்தான்.

காற்றுக்கு ரப்பர் மரம் தாங்காது. உச்சி கனக்கும், கட்டை உறுதி போதாது. சில இனங்கள் இன்னும் மோசம். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 501 என்ற இனம் பால் நன்றாகத் தரும். ஆனால் காற்றடித்தால் தண்டு பாதியில் முறியும். அந்த அனுபவத்துக்குப் பிறகு, 1970களில் கழகம் நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தது. எங்கே காற்று அதிகம், எங்கே இலைநோய் அதிகம் என்று கணக்கிட்டு, இந்தப் பகுதிக்கு இந்த இனம் என்று சிபாரிசு செய்தது. அருமையான வேலை. ஒரு மரத்தின் பால் நட்டமாகக் கூடாது என்பதற்காகக் காற்றுக்கே கணக்குப் போட்டார்கள். அதே தோட்டத்தில் லயத்துக் கூரைக்கும் அப்படி ஒரு கணக்குப் போட்டிருந்தால் இன்றைய பேச்சுக்கே வேலை இருந்திருக்காது.

கூரை எப்படிப் போகிறது

கூரையைக் காற்று மேலிருந்து அமுக்கி உடைப்பதில்லை. மேலே வேகமாகப் போகும் காற்று தகரத்தை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அஞ்சடியில், அதாவது முன்வாசல் தாழ்வாரத்தில், மூன்று பக்கமும் திறப்பு. அங்கே புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் தகரத்தை அடியிலிருந்து முட்டுகிறது. மேலே இழுப்பு, கீழே முட்டு. நடுவில் தகரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது ஐம்பது ஆண்டு பழைய ஆணி. ஆணி துருப்பிடித்திருக்கும், ஆணி இறங்கிய சட்டத்தைக் கரையான் தின்றிருக்கும்.

லயத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே நீளக் கூரை. கோடி வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாமானுக்குப் போய்விட்டார். அவர் வீட்டுத் தகரத்தை யாரும் பார்ப்பதில்லை. காற்று அங்கே ஒரு முனையைத் தூக்கினால் போதும், பாயைச் சுருட்டுவதுபோல் வரிசையாகப் பிரித்துக்கொண்டு வரும். நடுவீட்டுக்காரர் தன் பங்குக்குப் புது ஆணி அடித்திருந்தும் பயனில்லாமல் போகும்.

முன்பு லயத்தைச் சுற்றிப் பால்மரம் நின்றது. அது முறிந்தாலும், வீசும் காற்றின் வேகத்தை ஓரளவு தானே வாங்கிக்கொண்டது. பிறகு மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனை வளர ஆண்டுகள் ஆகும். வீடமைப்புக்கு விற்ற இடத்திலோ மண்ணை மொட்டையாகத் தள்ளிவிட்டார்கள். அந்த வெட்டவெளியின் நடுவே பழைய லயம் மட்டும் தனியாக நிற்கும் காட்சியைப் பேராக்கில் பல இடங்களில் பார்க்கலாம்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். அந்தக் கூரை யாருடையது?

தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் கேள்விக்கே இடமில்லை. வீடு கம்பெனியுடையது. டிரெசர் லயத்தைச் சுற்றிப் பார்ப்பார். தகரம் ஓட்டையென்றால் கிராணியிடம் சொல்லி, கிராணி துரையிடம் சொல்லி, ஆசாரி ஏணியோடு வருவார். எல்லாத் தோட்டத்திலும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஒழுகும் கூரையின் கீழ்ப் பாத்திரம் வைத்துத் தூங்கிய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் போய்க் கேட்பதற்கு ஒரு வாசல் இருந்தது.

சட்டமும் இருக்கிறது. 1966இலேயே தொழிலாளர் வீட்டு வசதிக்கு ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம் வந்தது. முதலாளி கொடுக்கும் வீட்டை முதலாளியே நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் யாருக்கு? தொழிலாளிக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும். தோட்டம் கைமாறிய பிறகு, துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகு, வேலை முடிந்து அறுபது வயதைத் தாண்டிய பிறகு, அதே வீட்டில் குடியிருக்கும் மனிதர் தொழிலாளி அல்ல. வாடகைக்கு இருப்பவரும் அல்ல, ரசீது கிடையாது. சொந்தக்காரரும் அல்ல; பட்டா கிடையாது. 'இருக்கட்டும், பிறகு பார்ப்போம்' என்ற வாய்வார்த்தையில் இருபது, முப்பது ஆண்டு ஓடியிருக்கும்.

புது உரிமையாளர் அந்தக் கூரைக்கு ஏன் செலவு செய்யப் போகிறார்? அவர் நிலம் காலியாக வேண்டும் என்று காத்திருப்பவர். கூரை பறந்தால் அவருக்கு நட்டம் ஒன்றுமில்லை. கடுமையாகத் தோன்றினாலும் நிலவரம் இதுதான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்கிறார்கள். வீட்டில் பாட்டியும், பள்ளி செல்லும் பேத்தியும். விடியற்காலை நான்கு மணிக்குக் கூரையின் பாதி போய்விட்டது. அக்கம்பக்கம் கூடுகிறது. யாரோ ஒருவர் கித்தான் துணி கொண்டுவந்து கட்டுகிறார். காலையில் தீயணைப்புப் படை வந்து மரத்தை அறுத்துப் போடுகிறது. சட்டமன்ற உறுப்பினர் வருகிறார், அரிசியும் போர்வையும் கொடுக்கிறார், படம் எடுக்கப்படுகிறது. எல்லாம் நல்ல காரியம். மூன்றாவது நாள்தான் சிக்கல் தொடங்குகிறது. வீடு சீரமைக்கும் உதவித் திட்டத்துக்கு மனு போடப் போனால், நிலம் யார் பெயரில் என்ற கேள்வி வரும். சொந்த நிலம் இல்லையென்றால் நில உரிமையாளரின் சம்மதம் எங்கே என்று கேட்பார்கள். பாட்டி எங்கே போவார்? கித்தான் துணி ஆறு மாதம் தாங்கும். அதற்குள் அடுத்த காற்று வந்துவிடும்.

எச்சரிக்கை வரவில்லையா? வருகிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை இடிமழை எச்சரிக்கை விடுகிறது. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் அறிகுறி தெரிந்தால், ஆறு மணி நேரத்துக்கு மிகாமல் செல்லுபடியாகும் குறுகிய கால அறிவிப்பு அது. மைச்சுவாச்சா செயலி இருந்தால் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். மலாயிலும் ஆங்கிலத்திலும் மாவட்டப் பெயரோடு வரும். விடியற்காலை மூன்று மணிக்கு வரும் அந்த அறிவிப்பை அந்தப் பாட்டி எப்படிப் படிப்பார் என்பது ஒன்று. படித்துவிட்டார் என்றே வைத்துக்கொண்டாலும் அந்த ஒரு மணி நேரத்தில் கூரைக்கு என்ன செய்வார் என்பது இன்னொன்று. இந்நாட்டுத் தமிழ் வானொலிக்குப் பெயரே மின்னல். பெயருக்கேற்ப, இரவு நேரத்தில் மின்னல் எச்சரிக்கையை உடனுக்குடன் தமிழில் சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

இன்று செம்பனைத் தோட்டங்களில் குலை அறுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் கையில் இருப்பது நீளமான அலுமினியக் கழி. இடி முழங்கும்போது திறந்த வெளியில் அதைத் தூக்கிப் பிடித்து நிற்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும் வரை எத்தனை வினாடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால், அது எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். முப்பது வினாடிக்குள் கேட்டால் வேலையை நிறுத்திவிட வேண்டும். கோயில் ஆலமரத்தடியில் ஒதுங்குவதும் வேண்டாம். சாமி காப்பாற்றும், மரம் சாமி அல்ல, அது உள்ளே பொந்துவிழுந்த பழைய மரம்.

சரி, என்ன செய்யலாம்? பெரிய தீர்வு வீடுதான். தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களுக்குச் சொந்த வீடு என்ற கோரிக்கை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. சில இடங்களில் நிறைவேறியும் இருக்கிறது. அது வரும்வரை காற்று காத்திருக்காது. ஆகவே சின்னதாக, இந்த மாதமே செய்யக்கூடியதைப் பார்ப்போம்.

முதலாவது, காற்று இல்லாத மாதத்திலேயே சம்மதக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கூரை பறந்த பிறகு கேட்டால் பேரம் நடக்கும். லயத்தில் இருக்கும் எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து, நில உரிமையாளரான நிறுவனத்துக்கு ஒரே கடிதமாக எழுதலாம். கூரையையும் மின்கம்பியையும் பழுதுபார்க்க மட்டும் அனுமதி கேட்கிறோம், இதனால் நிலத்தின்மேல் எந்தப் புது உரிமையும் கோரவில்லை என்று தெளிவாக எழுதினால், கையெழுத்திட அவர்களுக்கும் தயக்கம் குறையும். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும் இடங்களில், வழக்கு இருக்கும் இடங்களில், வழக்கறிஞரைக் கேட்காமல் அந்த வரியை எழுதிவிடாதீர்கள், அது வினையாகிவிடலாம். இதைக் கோயில் நிர்வாகமோ பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ முன்னின்று செய்யலாம். பேராக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல பழைய தோட்டங்களில் இன்னும் மனிதர் கூடும் இடம் பள்ளியும் கோயிலும்தான்.

இரண்டாவது, காலி வீட்டுத் தகரம். கோடி வீட்டில் ஆள் இல்லையென்றால் அந்தத் தகரத்தை முதலில் இறுக்குங்கள். அது அடுத்தவர் வீடு அல்ல, உங்கள் கூரையின் முனை. ஆணிக்குப் பதில் ரப்பர் வளையம் போட்ட திருகாணி, சட்டத்தையும் சுவரையும் பிணைக்கும் இரும்புப் பட்டை. ஒரு லயத்துக்கு இரண்டு சனிக்கிழமை வேலை. வயதானவர்கள் ஏணி ஏற வேண்டாம். பேரன்மார்கள் தீபாவளிக்கு வீட்டுக்கு வருவார்கள் அல்லவா, அவர்களிடம் சொல்லுங்கள். தீபாவளி வருவதும் பெரும்பாலும் காற்று மாறும் அக்டோபர், நவம்பரில்தான். பழைய கூரை கல்நார் ஓடாக இருந்தால் அதை உடைக்கவோ உலர்ந்த துடைப்பத்தால் கூட்டவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு, தண்ணீர் தெளித்துத்தான் அள்ள வேண்டும்.

மூன்றாவது, காற்று வந்துபோன பிறகு. அறுந்த மின்கம்பியைத் தொடாதீர்கள், 999க்கு அழையுங்கள். பொருள்களை எடுத்து அடுக்கும் முன்பு படம் எடுங்கள், நாலு பக்கமும், உள்ளேயும் வெளியேயும். போலீசில் புகார் செய்து அதன் நகலை வாங்குங்கள். சமூகநல இலாகாவிலும் மாவட்ட அலுவலகத்திலும் பதிவு செய்யுங்கள். வீட்டில் எத்தனை பேர் என்பதற்கு அடையாள அட்டை நகல் கேட்பார்கள். பேத்தியின் பிறப்புச் சான்றிதழை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

இந்த எல்லாக் காகிதங்களையும், அந்தச் சம்மதக் கடிதத்தின் நகலையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். அலமாரியின் மேல்தட்டில் வைக்காதீர்கள், அங்கேதான் முதலில் மழை விழும். கீழ்த்தட்டிலும் வேண்டாம், வெள்ளம் வரும். நடுத்தட்டில் வையுங்கள்.